காரைக்குடி வெயிலில் பீச் காய்க்குமா?

கோட்டையூரில் இருக்கும் என் அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, பீச் செடி வாங்கியிருக்கிறார். இணையத்தில் படம் பார்த்து, பணம் கட்டி, அட்டைப் பெட்டியில் வந்து இறங்கிய ஒட்டுச்செடி. இடுப்பு உயரம். ஒட்டுக் கட்டிய இடத்தில் சுற்றிய பிளாஸ்டிக் நாடாவைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "எல்லாச் சீதோஷ்ணத்துக்கும் ஏற்றது. இரண்டே ஆண்டில் காய்க்கும்." பெட்டியை வளவுக்குள் வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"கொடைக்கானலில் அத்தனை வருடம் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவள் நீ. கொல்லையில் எந்தப் பக்கம் நடலாம், சொல்."

எந்தப் பக்கம் நட்டாலும் மரம் வளரும், காய்க்காது என்றேன். அவருக்கு அந்தப் பதில் ருசிக்கவில்லை. "வெயில் படாமல் கிணற்றடியில் வைக்கிறேன், வலை கட்டுகிறேன்" என்றார். செட்டிநாட்டில் யாரிடம் பேசினாலும் பேச்சு வெயிலில்தான் வந்து நிற்கும். சித்திரையில் முற்றத்துக் கல்லில் கால் வைக்க முடியாத ஊர், ஆகவே மலைப்பழம் இங்கே வெயிலால்தான் வராது என்று எல்லோரும் நம்புகிறார்கள். வெயில் இந்த வழக்கில் குற்றவாளியே இல்லை. விசாரிக்க வேண்டியது மார்கழியையும் தையையும்.

அண்ணன் மகன் விடவில்லை. கைப்பேசியில் எதையோ தேடி எடுத்து வைத்துக்கொண்டு, "அயித்தை, பஞ்சாபில் காய்க்கிறதே! மே மாதம் அங்கே நம் ஊரைவிடக் கொதிக்குமே!" என்றான். நல்ல கேள்வி. வகுப்பில் இப்படி ஒருவன் கேட்டால் அன்றைக்குப் பாடமே வேறு பாதையில் போகும். பஞ்சாபில் உண்மையிலேயே காய்க்கிறது. லூதியானாவில் இருக்கும் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் சமவெளிக்கென்றே பரிந்துரைக்கும் பீச் வகைகள் இருக்கின்றன. ஷான்-ஏ-பஞ்சாப், பிளோர்டாபிரின்ஸ் என்று பெயர்கள். பிளம்மில் சத்லெஜ் பர்ப்பிள், காலா அமிர்தசரி. மே மாதம் நாற்பது டிகிரிக்கு மேல் காயும் நிலத்தில்தான் அவை பழுக்கின்றன. ஆனால் அதே லூதியானாவில் ஜனவரி இரவு ஐந்து, ஆறு டிகிரிக்கு இறங்கும். மரம் கேட்பது அந்த இரவுகளைத்தான்.

இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

பீச், பிளம், ஆப்ரிகாட், செர்ரி, பாதாம் எல்லாம் ரோஜாக் குடும்பத்தில் புரூனஸ் என்ற ஒரே பேரினத்துப் பிள்ளைகள். குளிர்காலம் உள்ள நிலங்களில் வளர்ந்தவை. பீச்சின் தாயகம் சீனா. அங்கே 7,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட பீச் கொட்டைகளை அகழ்ந்து எடுத்திருக்கிறார்கள். இந்த மரங்கள் அடுத்த வருடத்துப் பூமொட்டை இந்த வருடக் கோடையிலேயே கட்டிவைத்துவிடும். இலை உதிர்ந்ததும் மொட்டு உறக்கத்துக்குப் போய்விடும். அது வெறும் குளிருக்குச் சுருண்டு கிடப்பது அல்ல. உள்ளிருந்தே பூட்டிக்கொண்ட உறக்கம். நடுவில் நான்கு நாள் வெயில் அடித்தாலும் மொட்டு ஏமாந்துபோய் விரியாது. விரிந்தால் அடுத்த உறைபனியில் கருகிப்போகும் என்பதால், எத்தனை மணி நேரம் குளிர் கடந்தது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு நிறைந்த பிறகுதான் வெதுவெதுப்புக்குச் செவி கொடுக்கும்.

கணக்குப் போட மனிதர்கள் வைத்துக்கொண்ட பழைய அளவுகோல் 7.2 டிகிரி செல்சியஸ். பாரன்ஹீட்டில் சொன்னால் 45, ஒரு வசதியான எண். குளிர்காலத்தில் வெப்பநிலை அதற்குக் கீழே இருந்த மணி நேரங்களைக் கூட்டுவார்கள். பிற்பாடு வந்த கணக்குகள் இன்னும் நுட்பமானவை. பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிருக்கும் பாதி மதிப்பெண் உண்டு, பகலில் வெயில் ஏறினால் சேர்த்த குளிரில் கொஞ்சம் கழிந்தும் போகும். நமக்குப் பழைய கணக்கே போதும். இனிப்புச் செர்ரி வகைகள் பலவற்றுக்கு இந்தக் கூட்டுத்தொகை ஆயிரம் மணி நேரத்தைத் தொடும். பிளோர்டாபிரின்ஸ் பீச்சுக்கு ஏறக்குறைய 150 மணி நேரம் போதும். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில், குளிர் குறைந்த நிலத்துக்காகவே பல பத்தாண்டுகள் கலப்புச் செய்து உருவாக்கிய வரிசையில் வந்தது அது. பெயரிலேயே பிறந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மலையில் இருந்தபோது பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகச் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். ஆகையால் டிசம்பர் தொடக்கத்தில் பிளம் குச்சிகளை வெட்டிவரச் சொல்லி, தண்ணீர் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிறுத்தி, அடுப்புக்குப் பக்கத்து அறையில் வைப்பேன். வாரக்கணக்கில் வைத்திருந்தாலும் மொட்டு அசையாது. குச்சி செத்துவிட்டது என்று சொல்வார்கள். நகத்தால் கீறிக் காட்டினால் உள்ளே பச்சை. அதே மரத்தில் ஜனவரி நடுவில் வெட்டிய குச்சியை அதே பாட்டிலில், அதே அறையில் வைத்தால், சில நாட்களில் மொட்டின் நுனி வெளிறி, செதில் பிளந்து, வெள்ளை தெரியும். குச்சி, தண்ணீர், அறை எதுவும் மாறவில்லை. இடையில் மரம் வெளியே நின்ற இரவுகள் மட்டும்தான் வேறு.

கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் எட்டு டிகிரி சாதாரணம், பள்ளமான இடங்களில் புல்லில் உறைபனி படியும். அங்கேயே குளிர் குறைவாகக் கேட்கும் வகைகள்தான் ஒழுங்காகக் காய்க்கின்றன. நமக்கு? மார்கழிக் கோலம் போடும்போது விரல் விறைக்கிறது என்பார்கள், குல்லாய் மாட்டிய பெரியவர்கள் திண்ணையில் சுருண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெப்பமானியைப் பார்த்தால் இருபதை ஒட்டித்தான் நிற்கும். 7.2 டிகிரி இந்த வட்டாரத்தில் நிலவும் ஒரே இடம் குளிர்பதனப் பெட்டி.

"அப்படியானால் வேரில் ஐஸ் கட்டி கொட்டினால்?" என்றான் பையன். குளிரை உணர வேண்டியது மொட்டு. வேரில் எத்தனை ஐஸ் கொட்டினாலும் கிளை நுனிக்குச் செய்தி போகாது. இன்னொரு வழி உண்டு. இந்தோனேசியாவில், கிழக்கு ஜாவாவின் பாத்து என்ற மலையூரில், ஆப்பிள் அறுவடை முடிந்து சில வாரங்களில் இலை முழுவதையும் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே அதை எழுப்பிவிடும் தந்திரம். வருடத்துக்கு இரண்டு முறைகூட மகசூல் எடுக்கிறார்கள். ஆனால் அதுவும் குளிர்ந்த மலைச்சரிவு. கோட்டையூர்க் கொல்லையில் இலை உருவினால் மிஞ்சுவது மொட்டை மரம். உறங்கவே தெரியாத பீச் ஒன்றும் இருக்கிறது. மெக்சிகோவில் கண்டெடுத்தது. அதை ஆராய்ந்துதான் பீச்சின் உறக்கத்தைக் கட்டிக் காக்கும் மரபணுக் கூட்டத்தையே அடையாளம் கண்டார்கள். அது அட்டைப் பெட்டியில் வராது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இங்கே நட்ட பீச் என்ன செய்யும் என்றும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் தளதளவென்று வளர்ந்து வாங்கியவரைப் பூரிக்க வைக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டத் தோன்றும். இலை ஒரேயடியாக உதிராது. கொஞ்சம் உதிரும், கொஞ்சம் நிற்கும். தை, மாசியில் மொட்டுகள் ஒன்றாக விழிக்காமல், கிளை நுனியில் மட்டும் ஒரு கொத்து இலை விடும். நடுக்கிளை முழுக்க வெறுமையாகக் கிடக்கும். நிழல் இல்லாத பட்டையில் வெயில் நேரடியாக அடிக்கும், பட்டை வெடிக்கும், தேன் நிறத்தில் பிசின் வழியும். அதற்குள் துளைப்புழு வந்து சேரும். எங்கோ ஒரு ரோஸ் நிறப் பூ தப்பித் தவறிப் பூக்கும், அதைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்ட பிறகு உதிர்ந்துவிடும். மரத்தின் மேல் எனக்கு இரக்கம்தான் வரும். (பிசினை வீணாக்க வேண்டாம் என்று யாராவது கேட்பார்கள். பினாங்கில் சீனர்கள் பீச் பிசினை ஊறவைத்து இனிப்பில் போட்டுச் சாப்பிடத்தான் செய்கிறார்கள். அதற்காக ஒரு மரத்தை நோயாளியாக வளர்க்க வேண்டுமா?)

நம் செம்மண்ணில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பீச் வேருக்குப் பிடிக்காதது தேங்கும் நீர். செம்பூரான் கல் கலந்த நம் மண்ணில் நீர் நிற்பதில்லை. மழைக்காலத்தில் கண்மாய்க் கரையை ஒட்டிய வயலைத் தவிர மற்ற இடமெல்லாம் அதற்கு ஒத்துப்போகும். மண் இருந்தும், கிணறு இருந்தும், ஆள் இருந்தும் ஜனவரி இல்லை.

செடியை மலைக்குப் போகும்போது நான் எடுத்துப்போய்த் தெரிந்தவர் தோட்டத்தில் வைத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அண்ணமிண்டி தரவில்லை. கிணற்றடியில் நட்டுவிட்டார்.

எங்கள் வீட்டுச் செட்டியாருக்கு, அதாவது என் கணவருக்கு, கொடைக்கானலில் வேலை. வில்பட்டிப் பாதையில் ஒரு தோட்டத்து வீட்டில் குடியிருந்தோம். வீட்டைச் சுற்றிப் பிளம், நடுவில் சில பீச், வேலியோரம் பேரி. தோட்டத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு பெரியவர். படிப்பு என்று பார்த்தால் குறைவு. ஆனால் மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொல்லித் தெரிந்ததுதான். புத்தகத்தில் இருப்பதை அவர் கையில் பார்த்த பிறகே எனக்குப் பிடிபட்டது.

டிசம்பரில் இலை உதிர்ந்ததும் கவாத்துக்கு இறங்குவார். பீச் மரத்தை வெட்டுவதைப் பார்த்தால் வயிறு எரியும். பாதிக்கு மேல் தரையில் கிடக்கும். பக்கத்துப் பிளம் மரத்தில் மட்டும் கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக, காய்ந்த குச்சி, குறுக்கே போன குச்சி என்று நாலைந்தோடு நிறுத்திக்கொள்வார். ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேட்டேன். ஒரு பீச் கிளையை வளைத்துக் காட்டினார். செந்நிறத்தில், போன வருடம் வளர்ந்த பகுதி. அதில் மூன்று மூன்றாக மொட்டுகள், ஓரங்களில் இரண்டு கொழுத்த பூமொட்டு, நடுவில் மெலிந்த இலைமொட்டு. அதற்குப் பின்னால் சாம்பல் நிறம் ஏறிய பழைய கட்டையில் ஒன்றும் இல்லை. பீச் போன வருடத்துக் குச்சியில் மட்டும்தான் காய்க்கும், அதுவும் ஒரே தடவை. வெட்டாமல் விட்டால் காய்க்கும் இடம் வருடா வருடம் நுனியை நோக்கி நகர்ந்து, கடைசியில் ஏணி வைத்தாலும் எட்டாது. பிளம் அப்படி இல்லை. பழைய கிளைகளின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு முடிச்சு முடிச்சாகக் குறுங்கிளைகள் இருக்கும். ஒரே குறுங்கிளை பல வருடம் காய்க்கும். பீச்சை வெட்டுவதுபோல் பிளம்மை வெட்டினால் வரப்போகும் பல வருடக் காய்ப்பையும் சேர்த்து வெட்டியதாகும்.

"டீச்சரம்மா, இது தினக்கூலி, அது மாதச் சம்பளம்" என்றார் பெரியவர். இதற்குப் பிறகு நான் வகுப்பில் வேறு உதாரணம் சொன்னதே இல்லை.

கவாத்து முடிந்த கையோடு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த போர்டோ கலவை தெளிப்பு. பீச் இலை கொப்புளித்து, சிவந்து, சுருண்டுபோகும் பூஞ்சைநோய்க்கு மொட்டு வீங்கும் முன்பே மருந்து போட வேண்டும். இலை சுருண்ட பிறகு தெளிப்பது மருந்துக் கடைக்காரருக்கு மட்டுமே லாபம்.

ஜனவரி கடைசியிலும் பிப்ரவரியிலும் பூ. பீச் தன் மகரந்தத்திலேயே காய் பிடித்துவிடும். நம் மலைகளில் இருக்கும் பிளம் பெரும்பாலும் ஜப்பானியப் பிளம் என்று சொல்லும் இனம், அதன் தாயகமும் சீனாதான். அதில் பல வகைகள் தன் மகரந்தத்தை ஏற்பதில்லை. பக்கத்தில் வேறு வகை ஒன்று அதே நேரம் பூத்திருக்க வேண்டும், தேனீ வர வேண்டும். ஒற்றைப் பிளம் மரம் வைத்துக்கொண்டு பூப்பூவாகப் பூக்கிறது, காய்க்க மாட்டேன் என்கிறது என்று கொடைக்கானலிலேயே புலம்பும் பங்களாக்காரர்கள் உண்டு.

காய் பிடித்ததும் பெரியவர் செய்யும் காரியம் இன்னும் கொடுமையாகத் தெரியும். சுண்டைக்காய் அளவு வந்ததும் பீச் பிஞ்சுகளைக் கையாலேயே உருட்டி உதிர்த்துவிடுவார். கடைசியில் ஒரு கிளையில் சாணுக்கு ஒன்று என்று மிஞ்சும். ஒரு பீச் பழத்துக்குச் சோறு போட முப்பது, நாற்பது இலை உழைக்க வேண்டும். அத்தனை காயையும் விட்டால் அத்தனையும் கொட்டையும் தோலுமாக நிற்கும், பாரம் தாங்காமல் கிளை முறியும். இந்தக் களைதலைக் கொட்டை இறுகுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

கொட்டை இறுகுவதை நான் விரும்பிப் பாடம் எடுப்பேன். வாரம் ஒரு காயைப் பறித்து, மேசைமேல் வைத்துக் கத்தியால் குறுக்கே வெட்டுவோம். முதல் வாரங்களில் கத்தி வெண்ணெயில் போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் கொட்டை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக, இளசாக இருக்கும். அதற்குள் கண்ணாடி போன்ற கூழ். பிள்ளைகளில் யாராவது ஒருத்தி "நுங்கு!" என்பாள். அது தப்பில்லை. நுங்கும் முற்றாத பனை விதையின் உணவுத்திசுதான். ஆறேழு வாரம் கடந்த ஒரு நாளில் கத்தி நடுவில் "டக்" என்று நிற்கும். மரக்கட்டையில் இருக்கும் அதே லிக்னின் அங்கே இறங்கத் தொடங்கியிருக்கும். அடுத்த சில வாரங்களுக்குக் காய் வெளியே பார்க்க வளராததுபோல் அப்படியே நிற்கும். உரம் போதவில்லை என்று அனுபவமில்லாதவர்கள் பதறுவார்கள். மரம் அப்போது தன் முதலை எல்லாம் ஓட்டை இறுக்கவும் உள்ளே கருவை வளர்க்கவும் செலவழித்துக்கொண்டிருக்கும். கொட்டை முடிந்த பிறகு சதைக்குத் திரும்பும். பறிப்பதற்கு முந்தைய மூன்று நான்கு வாரங்களில்தான் பழத்தின் எடையில் பெரும்பங்கு ஏறுகிறது. அந்த வாரங்களில் தண்ணீர் குறைந்தால் வருடம் முழுக்கப் பட்ட பாடு வீண்.

சீக்கிரம் பழுக்கும் வகைகளில் இந்த நடுக்கட்டம் மிகவும் குறுகியது. கொட்டை இறுகி முடியும் முன்பே சதை வீங்கத் தொடங்குவதால் சில பழங்களில் கொட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். உள்ளே கருவும் முழுதாக முற்றியிருக்காது. அந்தக் கொட்டையை ஊன்றிவிட்டு முளைக்கவில்லை என்று காத்திருப்பதில் பயனில்லை. முற்றிய கொட்டையே ஆனாலும் ஈரமணலில் இரண்டு மூன்று மாதம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். விதைக்கும் அதே மார்கழிக் கணக்கு.

கொட்டை என்பது விதை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழத்தின் சுவரே மூன்று அடுக்காகப் பிரிந்து, வெளியே தோல், நடுவே சதை, உள்ளே ஓடு என்று ஆகிறது. ஓட்டுக்குள் இருக்கும் பருப்புதான் விதை. தாவரவியலில் இப்படிப்பட்ட கனிக்கு ட்ரூப் என்று பெயர். இந்தக் கணக்கில் பார்த்தால் செட்டிநாடு ட்ரூப்களின் நாடு. தேங்காயில் நடு அடுக்கு நாராகிவிட்டது, உள் அடுக்குதான் சிரட்டை. மாம்பழக் கொட்டையின் ஓடும் அதுவே. பனம்பழத்தில் நார்ச்சதையும் வழக்கமாக மூன்று கொட்டையும். பொட்டல்களில் தானாக முளைத்து முள்ளால் கிழிக்கும் இலந்தையும் ட்ரூப்தான். கோடை விடுமுறையில் பிள்ளைகள் கல்லால் நசுக்கிப் பருப்பெடுக்கும் நாட்டு வாதுமையும் அப்படித்தான். குடும்பங்கள் வேறு வேறு. ஆனால் எல்லாம் விதைக்கு ஒரே விதமான பெட்டகம் செய்துகொண்டவை.

நாட்டு வாதுமையை நசுக்கித் தின்னும் பழக்கத்தில் பீச், பிளம் கொட்டையையும் பிள்ளைகள் உடைப்பார்கள். விடக்கூடாது. புரூனஸ் பருப்புகளில் அமிக்டலின் இருக்கிறது. மென்றால் அதிலிருந்து சயனைடு வெளிப்படும். கசப்பே எச்சரிக்கை. நாம் வாங்கித் தின்னும் இனிப்புப் பாதாம், அந்தக் கசப்பு இல்லாத மரங்களைத் தேர்ந்து தேர்ந்து மனிதர் வளர்த்துக்கொண்டது. தவறிப்போய் ஒரு கொட்டையை முழுதாக விழுங்கிவிட்டால் சயனைடு பயம் வேண்டாம், ஓடு உடையாமல் வெளியேறிவிடும். தொண்டையில் அடைக்காமல் இருந்தால் சரி.

இனி சந்தைக்கு வருகிறேன். மே பிறந்தால் காரைக்குடியில் தள்ளுவண்டிகளில் பிளம் குவியும், சில பெட்டி பீச்சும் எட்டிப்பார்க்கும். "மலைப்பழம் புளிக்கிறது, இரண்டு நாள் வைத்தால் இனிக்கும்" என்று விற்பவர் சொல்வார். நம் வீடுகளில் இதை நம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இரண்டாம் கட்டு அறையில் வைக்கோல் பரப்பி மாங்காயைப் பழுக்க வைத்துப் பார்த்துப் பழகியவர்கள் நாம். பறிக்கும்போது புளித்த காய் நான்கு நாளில் தேனாகிறது. மாங்காய் மரத்தில் இருக்கும்போதே மாவுச்சத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. பறித்த பிறகு அந்த மாவு சர்க்கரையாக மாறுகிறது. பிளம்முக்கும் பீச்சுக்கும் அப்படிச் சேமித்த மாவு கிடையாது. இனிப்பு முழுவதும் இலையிலிருந்து வர வேண்டும், காம்பு அறுந்ததும் வரத்து நின்றுவிடும். வைத்திருந்தால் பழம் மென்மையாகும், வாசனை வரும், புளிப்பு கொஞ்சம் தணியும். ஆகவே இனித்தது போலத் தோன்றலாம். சர்க்கரை கூடாது. பச்சையாகப் பறித்த பிளம்மை வைக்கோலில் புதைத்தாலும், அரிசிப் பானையில் வைத்தாலும் அது மெத்தென்ற புளிப்புப் பழம்தான்.

ஆகவே பழம் பார்த்து வாங்குங்கள். பீச்சில் சிவப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். அது எந்தப் பக்கம் வெயில் பட்டது என்பதை மட்டுமே சொல்லும். சிவப்பு இல்லாத பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே பச்சை போய் மஞ்சளோ பால் நிறமோ வந்திருந்தால் மரத்தில் முற்றியது. காம்புக் குழியில் மூக்கை வைத்தால் வாசனை வர வேண்டும். பிளம்மில் தோல்மேல் வெண்மையான மெழுகுப்பூச்சு அழியாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம். துணியால் துடைத்துப் பளபளப்பாக அடுக்கியதைவிட எனக்கு அதுதான் நம்பிக்கை. வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் கூடையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களிடம் ஒன்றைக் கடித்துப் பார்த்து வாங்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கெட்டியான பீச்சை வாங்கியவுடன் குளிர்பதனப் பெட்டியில் அடைக்காதீர்கள். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் பல நாள் கிடந்தால் சதை சாறின்றி மாவு மாவாகிவிடும். வெளியே வைத்து இளகிய பிறகு உள்ளே வைத்தால் பாதகமில்லை. மரத்தில் இருக்கும்போது மொட்டு ஏங்கும் அந்தக் குளிரே பறித்த பழத்துக்கு ஆகவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

உலர்ந்த பிளம் நம் ஊருக்குப் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் ஆல்பக்கடா என்று கேட்டால் கருத்துச் சுருங்கிய பழத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். என் ஐயா பினாங்கிலிருந்து வரும்போது பெட்டியில் ஆசாம் போய் கொண்டுவருவார். சீனர்கள் உப்பில் ஊறவைத்துக் காய வைக்கும் பிளம் வகை. வெளிறிய உப்புப் பூத்து, மரப்பட்டை மாதிரி இருக்கும். ஆயா அதைப் பெட்டகசாலையில் பூட்டி வைத்து, பித்தம் என்று யாராவது சொன்னால் மட்டும் ஒன்று எடுத்துக் கொடுப்பார்கள். வாயில் அடக்கிக்கொண்டால் பிற்பகல் முழுக்கக் கரையாது. பித்தம் இல்லாமலே பித்தம் என்று சொல்லக் கற்றது அந்த வீட்டில்தான்.

புளிக்கும் பிளம் கையில் மாட்டிவிட்டால் அதைச் சமையலுக்கு விடுவதே நியாயம். மாங்காய் வெல்லப் பச்சடி செய்யத் தெரிந்தவருக்கு இது சுலபம். அரைக் கிலோ பிளம்மைக் கழுவி, முழுதாகவே, கால் டம்ளர் தண்ணீரும் மஞ்சளும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து மூடி வேகவிடுங்கள். தோல் வெடித்துச் சுருளும்போது இறக்கி ஆறவைத்து, கொட்டைகளைக் கையால் பிதுக்கி எடுங்கள். எத்தனை பழம் போட்டோம் என்று எண்ணி வைத்திருந்தால் கொட்டை ஒன்றும் தப்பாது. தோலை எடுக்காதீர்கள், நிறமும் துவர்ப்பும் அதில்தான் இருக்கிறது. முக்கால் டம்ளர் பொடித்த வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி ஊற்றி, பளபளவென்று வரும்வரை கொதிக்கவிட்டு, கடுகும் இரண்டு வரமிளகாயும் தாளித்தால் முடிந்தது. பெருங்காயம் வேண்டாம், பிளம் வாசனையை அது தின்றுவிடும்.

அண்ணமிண்டி இதைச் சாப்பிட்டுவிட்டு, வெண்டைக்காய் மண்டிக் குழம்பில் புளிக்குப் பதில் இதையே போட்டால் என்ன என்றார். போட்டுப் பார்த்தோம். அரிசி கழுவிய நீரில் நன்றாகவே சேர்கிறது. ஆனால் புளியை முழுதாகக் கைவிடாமல் பாதியாவது கரைத்து ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் குழம்பு இரண்டாம் நாள் தாங்காது. மண்டியை அன்றைக்கே தீர்த்துவிடும் வீடு என்றால் அந்தக் கவலை இல்லை.